புது கேமிங் பிசியில் கேம் பாதியில் நின்றால் எங்கிருந்து தேடுவது?

அக்கா மகன் ஆறு மாதம் காசு சேர்த்து, பாகம் பாகமாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கேமிங் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தான். விண்டோஸ் ஏறியது, டிரைவர் ஏறியது, கேபினட்டுக்குள் லைட்டெல்லாம் கலர் கலராக எரிந்தது. மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு போன். “மாமா, மறுபடியும் வெளிய தள்ளிருச்சு.” இருபது நிமிடம் விளையாடுவான், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கேம் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வந்து நிற்கும். அதற்குள் விண்டோஸை மூன்று முறை புதிதாகப் போட்டுப் பார்த்துவிட்டான். கிராபிக்ஸ் கார்டை மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் ஒரு சண்டையும் முடிந்திருந்தது.

கார்டில் ஒரு குறையும் இல்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

புது மெஷினில் கேம் நின்றால் நம் ஆட்கள் முதலில் விண்டோஸை அழித்துப் போடுவார்கள், அடுத்து கிராபிக்ஸ் கார்டைத் திட்டுவார்கள். நான் பார்த்த வரை இந்த இரண்டும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியவை. தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். மாற்றினால் எழுதுங்கள், ஒரு சாயங்காலம் முழுக்க விளையாடிப் பாருங்கள், பிறகு அடுத்தது. ஐந்தாறு விஷயங்களை ஒரே நாளில் மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

எப்படி விழுகிறது?

கேம் மட்டும் மூடிக்கொண்டு டெஸ்க்டாப் வருகிறதா? அப்படியானால் கேமின் ஃபைல்கள், ரேம், ப்ராசஸர் மீது கண் வையுங்கள். திரை கறுத்துப்போய் ஹெட்போனில் சத்தம் மட்டும் கேட்கிறதா, கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரைகின்றனவா? கார்டு, அதை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர், கார்டுக்குப் போகும் கரன்ட், இந்த மூன்றில் ஒன்று. விண்டோஸே நின்று எரர் எழுத்துக் காட்டும் ப்ளூ ஸ்கிரீன் (புதிய விண்டோஸ் 11-இல் அது கறுப்பு) என்றால் பெரும்பாலும் ரேம் அல்லது ஏதாவது ஒரு டிரைவர். மெயின் சுவிட்சை அணைத்த மாதிரி மொத்தமும் பட்டென்று போனால், எல்லாப் பாகத்துக்கும் கரன்ட் தரும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸையும், அதற்குப் பின்னால் இருக்கும் யுபிஎஸ்ஸையும், சுவரிலுள்ள ப்ளக் பாயின்டையும் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் விழுகிறது என்பதும் முக்கியம். புதிய கேம்கள் பல முதல் முறை திறக்கும்போது, காட்சிகளை வரையும் சிறு புரோகிராம்களைத் தயார் செய்ய ‘ஷேடர் கம்பைலிங்’ என்று ஒரு பட்டை காட்டும். அந்தச் சில நிமிடங்கள் ப்ராசஸரின் எல்லாக் கோர்களும் முழு மூச்சாக ஓடும். கிராபிக்ஸ் கார்டுக்கு அப்போது பெரிய வேலை இல்லை. அங்கேயே கேம் விழுந்தால் கார்டை விட்டுவிட்டு ப்ராசஸர், ரேம் பக்கம் போங்கள்.

ஒரே ஒரு கேம்தான் விழுகிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் மெஷினைச் சந்தேகிக்க அவசரம் வேண்டாம். ஸ்டீமில் அந்தக் கேமை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் என்று போனால் ஃபைல்களைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை’ இருக்கும். அதை ஓட்டுங்கள். அரட்டைக்கான டிஸ்கார்டு, கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்கை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மாதிரி திரைக்கு மேல் எழுத்துக் காட்டும் ஓவர்லேக்களை அணைத்துப் பாருங்கள். வேலரண்ட் என்ற கேம் விண்டோஸ் 11-இல் திறக்கவே மாட்டேன் என்றால் அது கிராஷ் அல்ல. அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அம்சங்கள் தேவை, பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் செட்டிங் பக்கம்) இரண்டையும் ஆன் செய்து பாருங்கள்.

வெரிஃபை விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ‘சில ஃபைல்கள் கெட்டிருக்கின்றன’ என்று புதிது புதிதாகக் காட்டினால் ஃபைலைக் குறை சொல்லாதீர்கள். அதைப் படித்துச் சரிபார்க்கும் ரேமே தடுமாறுகிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸ் எழுதிவைத்த டைரி

ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டுங்கள். ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்று ஒன்று வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், தவறு நடந்த நாளில் சிவப்பில் பெருக்கல் குறி. அதைக் கிளிக் செய்தால் எந்த புரோகிராம், எத்தனை மணிக்கு என்று தெரியும். ‘ஹார்ட்வேர் எரர்’ என்ற பெயரில் ‘லைவ்கெர்னல்ஈவென்ட்’ 141 என்று இருந்தால் கிராபிக்ஸ் கார்டு பக்கம் ஏதோ தொங்கிப்போய் நின்றிருக்கிறது.

இன்னும் ஆழமாகப் பார்க்க ஈவென்ட் வியூவர். விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய் கிராஷ் ஆன நிமிடத்தைத் தேடுங்கள். புதியவர்கள் எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது ‘கெர்னல்-பவர் 41’. பெயரில் பவர் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். அது சொல்வதெல்லாம் ‘போன முறை ஒழுங்காக ஷட் டவுன் ஆகவில்லை’ என்பதைத்தான். நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 பதிவாகும். அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ‘டிஸ்ப்ளே 4101’ இருந்தால் கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்று, விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது; கார்டு 2 விநாடி பதில் தராவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்யும். ‘வியா-லாகர் 18’ இருந்தால் ஹார்ட்வேரே தவறைக் கண்டுபிடித்துப் புகார் எழுதியிருக்கிறது என்று பொருள். அதைப் பார்த்த பிறகும் விண்டோஸை மறுபடி போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

ப்ளூ ஸ்கிரீன் படிப்பதற்குள் ஓடிவிடுகிறதா? சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு போய், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’யில் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட் டிக்கை எடுத்துவிடுங்கள். அது அப்படியே நிற்கும், மொபைலில் போட்டோ எடுக்கலாம்.

பயாஸை முதல் நிலைக்குக் கொண்டுபோவது

ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். பயாஸுக்குள் போய் இப்போதிருக்கும் பக்கங்களை ஒவ்வொன்றாக போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘லோட் ஆப்டிமைஸ்டு டிஃபால்ட்ஸ்’ கொடுத்து சேவ் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் 11 பல மெஷின்களில் டிரைவைத் தானாகவே என்கிரிப்ட் செய்துவிடுகிறது. பயாஸில் கை வைத்தால் ரெக்கவரி கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் கீ இருக்கிறதா என்று பார்த்து எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டிஃபால்ட் போட்டதும் ரேமின் வேகம் குறைந்துவிடும். அதுதான் நமக்கு வேண்டியது. ரேம் பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும், டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800-இல்தான் எழுந்திருக்கும். 6000-க்குப் போக எக்ஸ்எம்பி, ஏஎம்டி மதர்போர்டில் எக்ஸ்போ என்ற ப்ரொஃபைலை நாம் ஆன் செய்கிறோம். யூடியூபில் எல்லாரும் ‘இதை ஆன் பண்ண மறக்காதீங்க’ என்று சொல்வதால் அது ஏதோ சாதாரண சுவிட்ச் என்று தோன்றும். உண்மையில் அது ஓவர்கிளாக்கிங், அதாவது தரநிலைக்கு மேல் வேகத்தை ஏற்றுவது. டிடிஆர்5-இன் தரநிலை மின்னழுத்தம் 1.1 வோல்ட், ப்ரொஃபைல் போட்டால் 1.35 அல்லது 1.4 வோல்ட்டுக்குப் போகும். ரைசன் 7000 வரிசை ப்ராசஸர்களுக்கு ஏஎம்டி உறுதி சொல்லும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200, நான்கு ரேம் போட்டால் வெறும் 3600. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் உங்கள் ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலரின் ராசி.

ரைசன் 7000 மாட்டும் ஏஎம்5 போர்டில் பயாஸை மாற்றியபின் முதல் முறை திரை வராமல் சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பயந்து பவரை அணைக்காதீர்கள், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

டிஃபால்ட்டில் இரண்டு மூன்று நாள் கேம் விழாமல் ஓடினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அக்கா மகனின் ரேம்

இனி அவன் கதை. வீட்டுக்குப் போய் முதலில் பார்த்தது மேஜைக்கு அடியில் கிடந்த அட்டைப் பெட்டிகளைத்தான். ரேமுக்கு இரண்டு தனித்தனிப் பாக்கெட். 16 ஜிபி ஒன்று வாங்கி, அடுத்த மாதச் சம்பளத்தில் இன்னொன்று வாங்கியிருக்கிறான். ஸ்டிக்கரில் ஒரே மாடல் நம்பர். ஆனால் சிபியு-இசட் என்ற சின்ன புரோகிராமைத் திறந்து, ரேம் தன்னைப் பற்றிச் சொல்லும் எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாகப் பார்த்தபோது, ஒன்றின் உள்ளே இருந்த சிப் ஒரு கம்பெனி, மற்றதில் வேறு கம்பெனி. வெளியே ஒரே சட்டை, உள்ளே வேறு வேறு ஆள். ஜோடியாக ஒரே பாக்கெட்டில் வரும் கிட்டை ஒன்றாக ஓட்டிச் சோதித்துத்தான் அனுப்புவார்கள். தனித்தனியாக வாங்கியதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் போட்டு, அதிலிருந்தே பூட் செய்து, எக்ஸ்போ 6000-இல் ஓட்டிவிட்டுச் சாப்பிடப் போனோம். இரண்டாவது மணி நேரத்தில் திரையில் சிவப்பு வரிகள். மொத்தம் 11 எரர். “பதினொண்ணுதானே மாமா” என்றான். ஒன்று வந்தாலே ஃபெயில்தான். எக்ஸ்போவை எடுத்துவிட்டு ஓட்டினோம், நான்கு சுற்றும் சுத்தம். பிறகு வேகத்தை மட்டும் கையால் 5600 என்று வைத்தோம். அதுவும் சுத்தம். 6000-க்கும் 5600-க்கும் அவன் விளையாடும் கேமில் ஏற்பட்ட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

நீங்கள் செய்யும்போது: நான்கு ஸ்லாட் இருக்கும் போர்டில் இரண்டு ரேம் என்றால், ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளுக்கு இதுதான், மேனுவலில் படம் இருக்கும். எரர் வந்தால் ஒரு ரேமைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டுங்கள், அப்புறம் மாற்றி. டிஃபால்ட் வேகத்திலேயே ஒன்று தனியாகத் தவறினால் அந்த ரேம் கெட்டது. கடைக்குப் போக வேண்டியதுதான். மெம்டெஸ்ட் பாஸ் ஆகிவிட்டால் ரேம் நூறு சதவீதம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. மெம்டெஸ்ட் ஓடும்போது கார்டு குளிர்ந்து கிடக்கிறது. கேமில் கார்டு கக்கும் சூடு ரேம் மேல்தான் அடிக்கும். சந்தேகம் தீராவிட்டால் விண்டோஸுக்குள் ஓசிசிடி என்ற சோதனை புரோகிராமின் மெமரி டெஸ்ட்டையும் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள்.

கரன்ட்

எதிர்வீட்டுப் பையனுக்கு வேறு மாதிரி. கேம் மெனுவில் மணிக்கணக்காக அணையாமல் ஓடும்; பெரிய சண்டைக் காட்சி வந்தால் மானிட்டரோடு சேர்த்து மொத்தமும் அணையும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே ஆர்டர் போட்டுவிட்டார்கள். மானிட்டரும் சேர்ந்து அணைகிறது என்று அவன் சொன்னதுமே எனக்கு எஸ்எம்பிஎஸ் மேல் இருந்த சந்தேகம் போய்விட்டது. மேஜைக்குக் கீழே பழைய யுபிஎஸ் ஒன்று. 600 விஏ என்று பெரிதாக எழுதியிருக்கும். பின்னால் சின்ன எழுத்தில் 360 வாட். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அது தாராளம். 200 வாட் கிராபிக்ஸ் கார்டும், 120 வாட் இழுக்கும் ப்ராசஸரும், மானிட்டரும் சேர்ந்தால் அது ஓவர்லோடு ஆகிக் கையை விரித்துவிடும். நேராகச் சுவர் ப்ளக்கில் செருகினோம், அணைவது நின்றுவிட்டது. உங்களிடமும் யுபிஎஸ், ஸ்பைக் பஸ்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எது நடுவில் இருந்தாலும் ஒரு நாள் அதையெல்லாம் விலக்கிவிட்டுச் சோதியுங்கள்.

கேபினட்டுக்குள் பார்க்க வேண்டியது கார்டுக்குப் போகும் கேபிள். ஸ்லாட் வழியாக 75 வாட் கிடைக்கும், ஒரு 8 பின் கனெக்டருக்கு 150 வாட் கணக்கு. கார்டில் இரண்டு 8 பின் இருந்தால், ஒரே கேபிளில் இரட்டைத் தலையாக வருவதைச் செருகாமல் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். புது கார்டுகளில் வரும் 16 பின் கனெக்டரை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுக்க உள்ளே தள்ள வேண்டும். 2022 கடைசியில் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் அது உருகிய செய்திகள் வந்தபோது, முழுதாகச் செருகாததே பொதுவாகக் காணப்பட்ட பிரச்சினை என்று என்விடியா சொன்னது.

இன்னொன்று, இதில் விளையாட்டு வேண்டாம்: பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் மாடுலர் கேபிளைப் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகாதீர்கள். கார்டு பக்கம் கனெக்டர் பொதுவானது, ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கம் பின்களின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். பொருந்திவிட்டதே என்று ஆன் செய்தால் எஸ்எஸ்டி, போர்டு எல்லாம் புகைந்துவிடும்.

கரன்ட்தான் காரணமா என்று காசில்லாமல் அறிய ஒரு வழி உண்டு. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், கேமில் பிரேம் ரேட்டை 60-க்குக் கட்டுங்கள். கிராஷ் நின்றுவிட்டால் எஸ்எம்பிஎஸ் அல்லது கார்டு. நிற்காவிட்டால் இரண்டையும் ஓரளவு விட்டுவிடலாம்.

ப்ராசஸர்

இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர், அதிலும் ஐ7, ஐ9 வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்ட வேண்டாம். அளவுக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கி, நாளாவட்டத்தில் சிப்பே தேய்ந்துபோகும் கோளாறு அவற்றில் இருந்ததை இன்டெல் 2024-இல் ஒப்புக்கொண்டது. அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளில் உருவான கேம்களில் இதன் அடையாளம் ஆளை ஏமாற்றும்: ‘அவுட் ஆஃப் வீடியோ மெமரி’ என்று வரும். 24 ஜிபி கார்டு வைத்திருப்பவருக்கும் வரும்! தவறு கார்டில் இல்லை, ஃபைலை விரிக்கும் ப்ராசஸரில். 2024 ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்கான மைக்ரோகோடு (ப்ராசஸருக்குள் ஓடும் திருத்தம்) பயாஸ் அப்டேட்டாக வந்தது. கடையில் மாதக்கணக்கில் கிடந்த போர்டை வாங்கியிருந்தால் அதில் பழைய பயாஸே இருக்கலாம். அப்டேட் இனிமேல் தேய்வதைத் தடுக்கும், ஏற்கெனவே கெட்ட சிப்பைத் திருத்தாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதை யோசிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரன்டியை இரண்டு ஆண்டு நீட்டியது.

ஏஎம்டி பக்கமும் 2023-இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகியதும், ப்ராசஸருக்குள் மெமரி கன்ட்ரோலர் போன்ற பகுதிகளுக்குப் போகும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டும் பயாஸ் வந்தது. ஆக, யாராக இருந்தாலும் பயாஸை ஒரு முறை புதுப்பியுங்கள். கரன்ட் கட் ஆகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பாதியில் போனால் போர்டே எழாமல் போகலாம்.

சூடு பற்றி எல்லாரும் கேட்பார்கள். ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டது. சூடானால் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சட்டென்று கேமைக் கொல்லாது. ஆன் செய்து இரண்டு நிமிடத்தில் 100 டிகிரியைத் தொட்டு அணைந்தால் மட்டும் கூலரைக் கழற்றிப் பாருங்கள். அடியில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலேயே மாட்டியவர்கள் பலர் உண்டு. நானும் ஒரு முறை.

கடைசியாக கிராபிக்ஸ் கார்டு

பழைய கம்ப்யூட்டரின் எஸ்எஸ்டியை விண்டோஸோடு அப்படியே கொண்டுவந்து மாட்டினீர்களா? பழைய கார்டின் டிரைவர் உள்ளே கிடக்கும். டிடியு என்ற ‘டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்’ஐ இறக்கிக்கொண்டு, இன்டர்நெட்டைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் அதை ஓட்டுங்கள். பிறகு புது டிரைவர். நெட்டைப் பிடுங்கச் சொல்வது, விண்டோஸ் அப்டேட் இடையில் புகுந்து தானாக ஒரு டிரைவரை ஏற்றிவிடாமல் இருக்க. மிகப் புதிய டிரைவரில் தொல்லை என்றால் இரண்டு மூன்று வெர்ஷன் பின்னால் போய்ப் பாருங்கள்.

கார்டை முழு பாரத்தில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் ஒரு மணி நேரம் ஓடிவிட்டது, ஆகவே கார்டு நல்லது என்று நினைக்க வேண்டாம். ஃபர்மார்க்கில் பவர் லிமிட்டில் முட்டிக்கொண்டு கார்டு குறைந்த கிளாக்கில், அதாவது குறைந்த வேகத்தில்தான் ஓடுகிறது. இலேசான காட்சிகளில்தான் கிளாக் உச்சத்துக்குப் போகும். பலவீனமான கார்டு அங்கேதான் தடுக்கி விழும். ஆஃப்டர்பர்னரில் கோர் கிளாக்கை 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்து ஓட்டுங்கள். அதனால் மட்டுமே கிராஷ் நின்றால், அதுவும் பயாஸ் டிஃபால்ட்டில், வேறு டிரைவரிலும், நண்பர் வீட்டு மெஷினிலும் அதே கதை என்றால், இப்போது தாராளமாகக் கார்டைத் திட்டலாம். செங்குத்தாகக் கார்டை நிறுத்த ரைசர் கேபிள் போட்டிருந்தால் மட்டும், அதைக் கழற்றி நேராக ஸ்லாட்டில் செருகிப் பார்த்த பிறகு திட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது ‘கேம் கிராஷ் ஆகுது’ என்று வெறுங்கையோடு போனால், டெஸ்க்டாப்பை ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு ‘நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். மெம்டெஸ்டின் சிவப்பு வரி போட்டோ, கிராஷ் ஆகும் வீடியோ, ஈவென்ட் வியூவரில் தேதியோடு இருக்கும் வரி, நோட்டில் எழுதிய சோதனைகள், எல்லாம் கையில் இருக்கட்டும். சீரியல் நம்பர் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், பெட்டிகளை வாரன்டி முடியும் வரை பரண் மேல் வையுங்கள். பில்லை வாங்கிய அன்றே மொபைலில் போட்டோ எடுத்துவிடுங்கள். அந்தத் தெர்மல் பேப்பர் பில்லில் எழுத்து ஒரு கோடை தாண்டாது.